கர்ச்சீப் சுற்று

அவள் கணவர் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபடி பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"தொறந்தது எண்பதுல இல்லீங்க. எழுபத்தொம்பது. தை மாசம்."

கல்யாணச் சாப்பாடு முடிந்த நேரம். மகாலின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். நகராட்சி நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை எழுதும் பெண், அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கூடம் ஒரு காலத்தில் ஸ்கேட்டிங் ரிங்காக இருந்ததாமே, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள்.

அவர் தலையைச் சொறிந்தார்.

வெற்றிலையை மடித்தபடி அவளே சொன்னாள்.

முதலில் பஞ்சு குடோன். மில் முதலாளி பெங்களூரில் பார்த்துவிட்டு வந்து மொசைக் தரை போட்டார். இதோ, ரசம் சிந்திக் கிடக்கும் இதே தரைதான். செருப்போடு போனால் உள்ளே விடமாட்டார்கள். கான்வாஸ் ஷூவுக்கு அடியில் இரும்பு ஸ்கேட்டை வைத்து வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து முதல் ஆறு வரை பெண்களுக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்று ஜோடிகளுக்கு.

ஜோடி என்றால் கைகோத்துக்கொண்டு அல்ல. ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு முனையாக ஒரு கர்ச்சீப்பைப் பிடித்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும் என்று முதலாளி சட்டம் போட்டார். கர்ச்சீப் சுற்று என்றே அதற்குப் பெயர்.

கையையே பிடித்துத் தொலைத்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"எண்பத்தஞ்சுல மில்லோட சேர்த்து இதையும் மூடிட்டாங்க" என்று முடித்தாள்.

அந்தப் பெண் வேகவேகமாக எழுதிக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா, நீங்களும் நல்லாச் சுத்துவீங்களா?"

"நான் வாக்கப்பட்டு வந்தப்ப இங்க டயர் குடோன், கண்ணு."

அந்தப் பெண்ணின் பேனா நின்றது.

கண்ணால் பார்க்காத இடம். எல்லாம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. கல்யாணமான மூன்றாம் நாள் நாத்தனார்தான் ஆரம்பித்து வைத்தாள். அண்ணனும் சுகிர்தாவும் கர்ச்சீப் பிடித்துச் சுற்றினால் மற்ற ஜோடிகளெல்லாம் கம்பியோரம் ஒதுங்கி வேடிக்கை பார்க்குமாம். சுகிர்தா மின்வாரிய இன்ஜினியர் மகள். அப்பாவுக்கு மாற்றல் வந்தது, போய்விட்டாள். அவ்வளவுதான் கதை.

சொன்னவள் காபி குடிக்கப் போய்விட்டாள். கேட்டவளுக்கு அன்று பற்றிக்கொண்டது இன்றுவரை அணையவில்லை.

அதற்குப் பிறகு அவள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பேச்சு எப்படியோ ரிங்கில் போய் நின்றது. டிக்கெட் கிழித்தவர், சக்கரத்துக்கு எண்ணெய் போட்டவர், வாசலில் கடலை விற்றவர் என்று ஒருவரையும் விடவில்லை. கணவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவருக்கு ஒரு கர்ச்சீப்பும் வாங்கித் தந்ததில்லை. ஜவுளிக்கடையில் அவர் கை அந்தப் பக்கம் போனால், "துண்டு இருக்கறப்ப அது எதுக்குங்க?" என்பாள். பாவம், அவரும் துண்டோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கறுப்பு வெள்ளை. அடர்ந்த கிராப்போடு ஒரு பையன். இரட்டைச் சடையோடு ஒரு பெண். இருவருக்கும் நடுவே விறைப்பாக ஒரு வெள்ளைத் துணி.

அந்த முகத்தை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். மூக்கும் முழியுமாக லட்சணமாகத்தான் இருந்தாள் பாவி.

"இது நீங்கதானுங்களே, சார்? கூட இருக்கறது யாருங்க?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஈ.பி. இன்ஜினியர் மக. பேரு... பேரு மறந்து போச்சு பாரு."

பொய் சொன்னால் அவர் காதுமடலைத் தடவுவார். சர்க்கரை கூடியிருந்தபோது திருட்டுத்தனமாக ஜிலேபி தின்றதை அப்படித்தான் கண்டுபிடித்தாள். இப்போது கை மடியிலேயே இருந்தது.

நிஜமாகவே மறந்திருந்தார்.

முப்பத்தாறு வருஷம். அவள் ஒருநாள்கூட மறந்ததில்லை. இந்த மனிதர் எப்போது மறந்தார்? சந்தோஷப்பட வேண்டியவளுக்கு ஏமாந்துபோன மாதிரி இருந்தது.

அந்தப் பெண் 'பெயர் தெரியவில்லை' என்று எழுதப் போனாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். வாயில் வெற்றிலை இருந்தது, மென்றுகொண்டே இருந்திருக்கலாம். ஆனால் இத்தனையும் சொன்னவளுக்கு இது மட்டும் தெரியாது என்று ஆகிவிடுமா?

"சுகிர்தா" என்றாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

"ஆங், சுகிர்தா" என்றார் அவர்.

பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் இன்னொரு தரம் சொன்னார். முகம் மெல்ல மலர்ந்தது. படத்திலிருந்த பையனின் முகம் அது. கல்யாணத்தன்றுகூட அவள் அதைப் பார்த்ததில்லை.

அவருக்கு வியர்த்திருந்தது. தோளைத் தடவிப் பார்த்தார்.

"துண்டு கார்லயே இருக்குது. உங்கிட்ட கர்ச்சீப் இருக்குதா?"

இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் முகத்தைத் துடைக்கவில்லை. ஒரு முனையை விரலில் சுற்றிக்கொண்டு படத்தையே பார்த்தபடி இருந்தார். மறுமுனை நாற்காலிக்கு வெளியே தொங்கியது.

அவள் எட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.