நீலக் கட்டம் போட்ட சட்டை

"ஏலே இசக்கி, சொல்லுதேன்னு கோவப்படாத. உன் பொண்டாட்டி போக்கு சரியில்ல."

மக்ரூன் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்த கையோடு பேச்சிச்செல்வி ஆரம்பித்துவிட்டாள்.

இசக்கியப்பன் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தான். உப்பு லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். எழுந்து போக முடியாதவனிடம் பேசுவது ரொம்ப வசதி.

"என்னக்கா இப்போ?"

"நீ இப்படிக் கெடக்க. அவ தினமும் ஜிம்முக்குப் போயிட்டு வாரா. பேரன் பேத்தி எடுக்கிற வயசுல எதுக்குலே இந்த மினுக்கு?"

"முட்டு வலிக்காம். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னாராம்."

"எடையைக் குறைக்கிறவ வாயைக் கட்டுவா. இவ என்னடான்னா முட்டையா அவிச்சு முழுங்குதா. உனக்குக் கஞ்சி, அவளுக்குக் கோழி!"

"கொழுப்பு கரையணுமாம், பலம் குறையக் கூடாதாம். அதுக்கு அப்படித்தான் திங்கணும்னு ஜிம்முல சொல்லிக் குடுக்கிற ரெக்சன் சொன்னானாம்."

"பலம் எதுக்கு? மூட்டை தூக்கப் போறாளா?"

அந்தச் சந்தேகம் இசக்கியப்பனுக்கும் இருந்தது. முன்பெல்லாம் முருகேஸ்வரி நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவாள். இப்போது முகம் வற்றி, கை இறுகி, ரவிக்கையெல்லாம் பிடித்துத் தைத்துப் போடுகிறாள். வேண்டா வெறுப்பாகச் சுண்டலை மென்றுவிட்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுகிறாள். அவளுக்கு உடம்பு தேறத் தேற இவனுக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

அவளிடம் மனசைத் திறந்து பேசியதுகூட ஒரே ஒரு முறைதான். உப்புக் குடோனில் மூட்டை தூக்கும் வன்னியபெருமாளும் இன்னொருவனும் தினமும் வந்து இவனைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துக் குளியலறைக்குக் கொண்டு போவார்கள். ஒருநாள் தூக்கும்போது வேட்டி அவிழ்ந்துவிட்டது. கூட வந்தவன் சிரித்துவிட்டான்.

அன்றைக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "அடுத்தவன் கை பட்டாலே கூசுதுளா. இதுக்கு நான் அன்னைக்கே செத்திருக்கலாம்" என்றான்.

முருகேஸ்வரி அதைக் கேட்டுவிட்டு, உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அது இன்னும் அவனுக்கு ஆறவில்லை.

"கேக்கியாலே?" பேச்சிச்செல்வி குரலைத் தாழ்த்தினாள். "மக்ரூன் வாங்கப் போனேன். பேக்கரிக்குப் பக்கத்துலதான் அந்த ஜிம்மு. கண்ணாடிக் கதவு. உள்ளே உன் பொண்டாட்டி ஒருத்தனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கா."

"அக்கா!"

"நம்ம அம்மை மேல சத்தியம்."

"யாரு அவன்?"

"மூஞ்சியைப் பார்க்க எனக்கென்ன வெக்கம் கிடையாதா? அவ கையைப் பார்த்தேன், அவன் சட்டையைப் பார்த்தேன், திரும்பிட்டேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. பொங்கலுக்கு நான் உனக்கு எடுத்துத் தந்தேன்லா, அச்சு அசல் அதே சட்டை."

இசக்கியப்பன் பீரோ பக்கம் கையை நீட்டினான்.

"பீரோவைத் தெற."

பேச்சிச்செல்வி துணிகளைக் கலைத்துத் தேடினாள். சட்டை இல்லை.

"அடிப்பாவி, உன் சட்டையவே எடுத்துக் குடுத்துட்டாளே!"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முருகேஸ்வரி வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தாள். தோள்பையை இறக்கக்கூட இல்லை.

"என் நீலக் கட்டம் சட்டை எங்க?"

அவள் பீரோவைப் பார்த்தாள், மதினி பேச்சிச்செல்வியைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. தோள்பையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"கேக்கேன்லா? நான் பொணமாக் கெடக்கேன்னுதானே உனக்கு இவ்வளவு துணிச்சல்? யாருளா அவன்?"

முருகேஸ்வரி பைக்குள் கையை விட்டுச் சட்டையை எடுத்தாள். உதறினாள். பொலபொலவென்று கல்லுப்பு தரையில் கொட்டியது.

"ஆளு இல்லங்க. உப்பு மூட்டை. நம்ம குடோன்லதான் எடுத்துட்டுப் போனேன்."

"மூட்டைக்கு எதுக்குளா சட்டை?"

"உங்களைத் தூக்கும்போது பிடி எங்கன போடணும்னு பழகணும்லா? அதான் ரெக்சன் மூட்டைக்கு உங்க சட்டையை மாட்டிவிட்டான். மொதல்ல என் உடம்பையே என் முட்டு தாங்கல, உங்களை எப்படித் தாங்கும்? அதுக்குத்தான் இந்த முட்டையும் கோழியும். எனக்கு அதைக் கண்டாலே கொமட்டுது."

பேச்சிச்செல்வி வாய்க்குக் கொண்டுபோன மக்ரூனை மெல்லப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தாள்.

"ஏளா, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்றான் இசக்கியப்பன்.

"தூக்க முடியாமப் போயிட்டா? உங்களுக்கு ஆசை காட்டி மோசம் பண்ணச் சொல்லுதீங்களா?"

பிறகு மதினி பக்கம் திரும்பினாள். "மதினி, அந்தச் சக்கர நாற்காலியைக் கட்டிலோட ஒட்டித் தள்ளுங்க."

பேச்சிச்செல்வி தள்ளினாள்.

முருகேஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகினாள். கட்டிலோரம் முட்டியை மடக்கி, அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள்.

"வன்னியபெருமாளை இனிமே வரண்டாம்னு சொல்லிட்டேன். கூசாம என் கழுத்தைப் பிடிங்க."