ஒரு பொம்மை பாக்கி

"மனுஷனாடா நீ? உன் வீட்டுல இப்படி ஒரு சாவு விழுந்திருந்தா, அதப் பொம்மையாக்கிக் கண்காட்சியில வைப்பியா?"

கலியாணசுந்தரம் போட்ட சத்தத்தில், வாசகசாலை வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் உள்ளே ஓடினோம்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு இன்னும் நாலே நாள். மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டாரச் சங்கத்துக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு பொருள் செய்து கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கோகிலா டீச்சர் காகிதத்தில் தேர் செய்து வந்தார். சேதுபதி கொண்டுவந்து மேசைமேல் வைத்ததோ கவிழ்ந்த ரயில்!

குடைக்கம்பியில் தண்டவாளம். நெருப்புக்குச்சியில் சிலிப்பர் கட்டை. பிஸ்கட் டின்னை வெட்டி ஒரு கிரேன். சாய்ந்து கிடக்கும் சரக்கு வண்டியை அது தூக்கப் போகிறது. சுற்றிலும் சுண்டுவிரல் உயரத்தில் கூலிக்காரப் பொம்மைகள். வண்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் மட்டும் தனியாகக் குனிந்து கட்டை அடுக்குகிறான். தலையில் சிவப்பு முண்டாசு.

பார்த்ததும் புரிந்துவிட்டது. அது கூலிக்காரன் பிச்சை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளம் கரையை அரித்து, தம்பின் ஊர்ப் பக்கம் சரக்கு ரயில் கவிழ்ந்தது. அதைத் தூக்கி நிறுத்தப் போன இடத்தில் நசுங்கிச் செத்தவன். குடித்திருந்தானாம். விசில் ஊதியும் நகரவில்லையாம். ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவன் மனைவி மீனாச்சி அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். இன்றைக்கும் பாசார்க் கடைத்தெருவில் அவளுக்குக் 'குடிகாரன் பொண்டாட்டி' என்றுதான் பேர்.

மறைப்பானேன், எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்பா சேதுபதி, மலாக்காவுல கிடந்த தண்டவாளத்தையே யுத்தத்தப்ப ஜப்பான்காரன் பிடுங்கிட்டுப் போயிட்டான். ரயிலே இல்லாத ஊருக்கு ஒரு ரயில் செய்யணும்னு உனக்குத் தோணினது சரி. நல்லா ஓடுற ரயிலாச் செஞ்சா கையா வலிக்கும்?"

சேதுபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்தக் கிரேனை ஓட்டியவனே அவன்தான். அதோடு ரயில்வே வேலையை விட்டுவிட்டுச் சைக்கிள் கடை வைத்துக்கொண்டான்.

"நடந்தத நடந்தபடி செஞ்சிருக்கேண்ணே" என்றான்.

"என்னடா நடந்தது?" கலியாணசுந்தரம் மேசையைத் தட்டினார். சங்கத் தலைவர், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். "ஒரு குடிகாரன் செத்தான். அந்தப் பொண்ணு பாவம், இப்பத்தான் கொஞ்சம் மறந்திருக்கும். சுதந்திர நாளும் அதுவுமா, ஊரையே கூப்பிட்டு அவ மானத்த வாங்கப் போறியா? தூக்குடா இத!"

"தூக்க மாட்டேங்க."

"அவ்வளவு திமிரா? யாராச்சும் போய் மீனாச்சியக் கூட்டிட்டு வாங்க. அவ வந்து நாலு வார்த்தை கேட்டாத்தான் இவனுக்கு உறைக்கும்!"

நானே போனேன். தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னேன். அவளோ, "இதோ வரேண்ணே" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. ஒற்றை விரலால் அந்தச் சிவப்பு முண்டாசைச் சரி செய்தாள்.

"அவரு துண்டுலயே கிழிச்சுக் குடுத்தது, பாந்தமா இருக்கு" என்றாள் சேதுபதியிடம்.

கலியாணசுந்தரம் திகைத்தார். "நீயா இதச் செய்யச் சொன்னே?"

"ஆமாங்கய்யா. கள்ளுக்கடை இருக்குன்னு ரோட்டுக்கு அந்தப் பக்கமா நடக்கிற மனுஷன் என் புருஷன். அவரக் குடிகாரன்னு எழுதிட்டாங்க. பொட்டியில வச்சு ஆணி அடிச்சுக் கொண்டாந்தாங்க. முகத்தக்கூடப் பாக்க விடல. எப்படிச் செத்தாருன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

சேதுபதி டின் கிரேனைத் தொட்டுக் காட்டினான்.

"கிரேன்ல உக்காந்தா வண்டிக்கு அந்தப் பக்கம் தெரியாதுண்ணே. அதுக்குத்தான் அதிகாரின்னு ஒருத்தர். அவரு சுத்திப் போய்ப் பாக்கணும், விசில் ஊதணும், ஆளுங்க விலகினப்புறம் எனக்குப் பச்சைக்கொடி காட்டணும். அன்னிக்கு நல்ல மழை. கொடி மட்டும்தான் வந்துச்சு. நான் தூக்கினேன், வண்டி ஒரு ஆட்டம் ஆடி அவன் மேலயே விழுந்துச்சு. விசாரணையில, 'கொடியப் பாத்தியா'ன்னு கேட்டாங்க. பாத்தேன்னேன். விசில் கேட்டுச்சான்னு ஒருத்தரும் கேக்கல. நானும் பயந்து சொல்லல. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு."

மேசை ஓரத்தில் ஒரு சின்னக் கித்தான் கூடாரம் இருந்தது. உள்ளே ஒரு நாற்காலி, காலியாக. நான் குனிந்து அந்தக் கூடாரத்துக்குள்ளிருந்து பார்த்தேன். கிரேன் தெரிந்தது, வண்டி தெரிந்தது. பிச்சை தெரியவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவனைக் குடிகாரன் என்று நானும்தான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"சரி சரி, எனக்கு நேரமாச்சு" என்று கலியாணசுந்தரம் குடையைத் தேடினார்.

மீனாச்சி வழியை மறித்து நின்றாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு பொம்மையை எடுத்தாள். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில், கையில் பச்சைக்கொடி.

"எல்லாரையும் அவங்கவங்க நின்ன எடத்துல வச்சாச்சுங்கய்யா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. சொல்லுங்க, உங்கள எங்க வைக்கட்டும்?"