விடை தெரியாதவர்கள்

“பெண்குரலுக்கு உரியதாம், எந்த வேளையும் பாடலாமாம். இது என்னா ராகம் புள்ள?” என்று கேட்டுவிட்டு கஜேந்திரன் தேத்தண்ணியை உறிஞ்சினான்.

அவன் கையில் இருந்தது மனைவி விஜயகலாவின் போன்.

புளத்கொகுபிட்டியப் பக்கம் இரண்டு நாளாக மழை. ரப்பர் மரங்களில் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு ஆபிசில் என்ன வேலை? மூன்று மணிக்கே வந்து, கதவில் வெளிப்பக்கம் போட்டிருந்த பூட்டைத் திறந்து, உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான்.

காலையில் பெரட்டில் ஆட்களின் பேர் பதியப் போகும்போதே அவன் கதவைப் பூட்டிவிடுவான். கேட்டால் கள்ளன் பயம் என்பான். கள்ளன் எடுக்க அந்த வீட்டில் என்ன கொட்டிக்கிடக்கிறது? ஒரு தம்புராவும் இவளும்தான்.

கல்யாணத்துக்கு முன் எஹலியகொடையில் சங்கீத டீச்சராக இருந்தவள். இரண்டு வருடமாக வாசல் தாண்டுவதென்றால் அவனோடு மட்டும்தான். அண்ணனிடம் அழுதாள். அனுசரித்துப் போகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். பொலிசில் சொல்லலாமென்றால், அங்கே இருப்பவர்கள் இவன் தோளில் கை போட்டுப் பேசுகிறவர்கள்.

பகலில் போன் அவளிடம்தான் இருக்கும். அவன் கோல் எடுத்தால் மூன்றாவது மணி அடிப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். வட்ஸ்அப் மட்டும் ஓடுகிற டேட்டா போட்டிருந்தான். அதிலும் ஒரே ஒரு குழுவுக்குத்தான் அனுமதி. யாழ்ப்பாணத்தில் அவளோடு சங்கீதம் படித்த மூன்று தோழிகள், அதில் ஒருத்தி இப்போது கனடாவில்; தினம் ஒரு ராகப் புதிர். சாமி சங்கதிதானே, கெட்டா போய்விடுவாள் என்று விட்டுவைத்தான். ஆனாலும் சாயந்தரமானால் ஓர் எழுத்து விடாமல் வாசிப்பான்.

போன வெள்ளிக்கிழமை புதிர் போட வேண்டியது அவள் முறை.

“கதவு வெளியே பூட்டியிருக்கிறது. சாவி பாடுகிறவளிடம் இல்லை. என்ன ராகம்?”

மூன்று பேரும் மூளையைக் கசக்கினார்கள். கஜேந்திரனும் கூடச் சேர்ந்து யோசித்துப் பார்த்தான். ஒரு ராகமும் பொருந்தவில்லை. எப்படிப் பொருந்தும்? அவள் எந்த ராகத்தையும் நினைத்து அதை எழுதவில்லை.

விடையில்லாத புதிர் போட்டதற்குக் குழுவில் மன்னிப்புக் கேட்டாள். பிரேமலதா மட்டும் “யோசிக்கிறேன்” என்று எழுதியிருந்தாள்.

இன்று பிரேமலதாவின் முறை.

“வண்டின் ரீங்கார ஓசை முதலில். நீர்ப்பெருங்கடல் அடுத்து. பெயர்கள் வேண்டாம், இலக்கங்கள் போதும். பெண்குரலுக்கு உரியது, எந்த வேளையும் பாடலாம்.”

தாய் ராகங்கள் எழுபத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் வரிசையில் ஓர் இலக்கம் உண்டு. சங்கீதம் படித்தவர்களுக்கு அது வாய்ப்பாடு மாதிரி. ரீங்கார ஓசை என்றால் ஜங்காரத்வனி, பத்தொன்பது. கடல் ஜலார்ணவம், முப்பத்தெட்டு. அவன் வாசித்து முடிக்கும் முன்பே விஜயகலாவுக்கு வந்துவிட்டது.

பத்தொன்பது, முப்பத்தெட்டு.

சேர்த்தால் நாலு இலக்கம். பெண்களுக்கு உரியது. எந்த வேளையும்.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒரு தடவை ஒட்டியிருந்த தாள் அவள் கண்ணுக்குள் வந்தது. பெண்களுக்கான அவசர உதவி, இருபத்துநான்கு மணி நேரமும். கிட்டே போய் இலக்கத்தை வாசிக்க அவன் விடவில்லை. மறுநாளே ஆள் வைத்துக் கிழித்தும் விட்டான்.

கிழித்தவனுக்கு அந்த இலக்கம் மறக்குமா?

அந்தக் குழுவில் எந்தப் புதிரும் பத்து நிமிடம் தாங்கியதில்லை. சரியான விடை சொன்னவருக்கு மற்றவர்கள் கும்பிடும் கைகளை அனுப்புவது அங்கே வழக்கம். அந்தக் கும்பிடை வாங்குவதற்காகவே விடியக்காலையில் எழுந்து உட்காருகிறவள் கனடாக்காரி. எவளாவது முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு அந்த நாலு இலக்கத்தைப் போட்டுவிட்டால், இந்தப் போனும் போச்சு, எல்லாம் போச்சு.

போன் கிணுங்கியது.

“கனடா சரண்டர்” என்று சிரித்துக்கொண்டே கஜேந்திரன் வாசித்தான். “எனக்கு வரவில்லை, அப்படீன்னு போட்டிருக்கா.”

மறுபடி கிணுங்கியது. இந்தத் தடவை ஜீவராணி. நானும் தோற்றேன் என்று எழுதியிருந்தாள்.

ஜீவராணியா? எழுபத்திரண்டையும் கடைசியிலிருந்து முதல்வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறவளுக்கா தெரியவில்லை?

அடிப் பாவிகளா, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது!

“மக்குக் கூட்டம். ஒனக்காவது தெரியுமா?”

“தெரியலைங்க.”

சுருதி பிசகாமல்தான் சொன்னாள். அவனுக்குப் பரம சந்தோசம். அவள் தோற்று அவன் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோசத்தில் அவள் பெயரில் தானே தட்டி அனுப்பினான், “எனக்கும் தெரியவில்லை” என்று. போனை அவள் மடியில் வீசிவிட்டு, வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தான்.

மழை விட்டிருந்தது.

“நாளைக்கு வெட்டு இருக்கும். விடியவே போவணும்” என்றான் திரும்பாமலேயே.

அவள் மடியில் போன் அதிர்ந்தது. பிரேமலதாவிடமிருந்து கும்பிடும் கைகள்.

அடுத்தது ஜீவராணி.

அப்புறம் கனடாக்காரி.