ஏறி வரும் வண்டி

செம்மேட்டு மலைப்பாதையில் சரக்கு வேன் ஓட்டும் செந்தில்நாதன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டியரிங்கும் பெடலும் மாட்டி ரேஸ் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆன்லைன் பந்தயத் தொடரில் நாலாவது சுற்று. மலையிலிருந்து இறங்கும் பாதை. ஒருவர் ஓட்டி முடித்த பிறகுதான் அடுத்தவர். இதில் ஜெயித்தால் சென்னையில் இறுதிப் போட்டி.

வளைவு வந்ததும் பழக்கதோஷத்தில் ஸ்டியரிங் நடுவில் அழுத்தினான். அந்த விளையாட்டில் ஹாரனே கிடையாது. ஆனால் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து பதிலுக்கு ஒரு ஹாரன் கேட்டது.

பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினான்.

"ஏனுங்ணா நிக்கறீங்க? நேரக் கணக்குல நாமதான் முன்னால இருக்கறோம்!" ஹெட்போனில் கூட்டாளி பிரேம் கத்தினான்.

"எதுக்க வண்டி ஏறி வருது. இறங்கறவன்தான வழி உடோணும்?"

"ரோட்டுல உங்களத் தவிர யாருமே இல்லீங்ணா!"

ஹாரன் நெருங்கியது. வண்டி வரவில்லை. காலை லேசாக எடுத்துப் பார்த்தான். அவன் உட்கார்ந்திருந்த, சக்கரமே இல்லாத மர நாற்காலி முன்னால் நகர்ந்தது. பதறிப்போய் மறுபடி மிதித்தான்.

அந்நேரம் பார்த்து கரண்ட் போனது. திரை இருண்டது, பிரேமின் குரலும் நின்றது. ஹாரன் மட்டும் நிற்கவில்லை.

மனைவி கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். "கரண்டுதான் போயிருச்சுங்களே, எந்திரிச்சு வாங்க. சோறு ஆறுது."

"கால எடுத்தா வண்டி எறங்கிரும் கண்ணு. எதுக்க வண்டி நிக்குது."

"அப்ப ரிவர்ஸ் எடுங்க" என்று சிரித்தாள்.

அப்போது அவன் முதுகுக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து, இன்னொரு ஹாரன் வழி கேட்டது.

கோகிலவாணியின் சிரிப்பு நின்றது. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.