அளவெடுக்க வந்த ஆள்

தில்லை நகரில் பெரியண்ணன் டாக்டர் என்றால் கைராசிக்காரர். என்ன வியாதி என்று போனாலும் ஒரு ஊசி, மூன்று கலரில் மாத்திரை, "சரியாப் போயிடும், போயிட்டு வாங்க" என்று ஒரு சிரிப்பு. வீட்டின் முன்ஹால்தான் கிளினிக். நோயாளிகள் உட்கார வாசலை ஒட்டி நீளமாக ஒரு வராந்தா.

அந்த வராந்தாதான் இப்போது பிரச்சினை. ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து சாரல் நேராக பெஞ்சில் வந்து அடித்தது. சளிக்கு மருந்து வாங்க வந்தவர்கள் காய்ச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

"ரெண்டு பேரு நனைஞ்சுட்டு எதிர் கிளினிக்குக்குப் போயிட்டாங்க டாக்டர்," என்றாள் வேணி. கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள் அவள்.

டாக்டருக்கு வயிறு எரிந்தது. ஆறு வருடமாகப் பாடுபட்டுச் சேர்த்த பேர் அது. வராந்தாவுக்குச் சுருட்டி இறக்கும் பிளைண்ட்ஸ் திரை போட்டே தீருவது என்று முடிவு செய்தார். மறுநாள் காலையிலேயே, யாரும் கூப்பிடாமலே, கையில் டேப்பும் சாம்பிள் புத்தகமுமாக ஒருவர் கேட்டில் நின்றார்.

"வணக்கம் சார். என் பேரு ஆஸ்டின். வராந்தா, பால்கனிக்கெல்லாம் பிளைண்ட்ஸ் போட்டுத் தரோம். அளவெடுக்கிறது ஃப்ரீ."

டாக்டருக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் முழுக்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் இதே பேச்சுதான். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில், கொசுவலைக்கு அளவெடுக்க வந்தவன் போன பிறகு பார்த்தால் பீரோ காலி. அப்படி ஒருவன் இங்கே புகுந்து, நோயாளி யாருடைய சங்கிலியாவது போய்விட்டால் அப்புறம் இந்த வாசலை யார் மிதிப்பார்கள்? பேர் போனால் போனதுதான்.

வந்தவன் யார் என்று பார்த்துவிடலாம் என்று, "உள்ள வாங்க" என்றார்.

ஆஸ்டின் டேப்பைப் பிடித்த அழகிலேயே பாதி தெரிந்துவிட்டது. மேலே ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு, "எட்டடி" என்று நோட்டில் எழுதினார். கண் என்னவோ கிளினிக் சுவரையும் அலமாரியையும் மேய்ந்துகொண்டிருந்தது.

"எட்டடின்னா? எத்தனை இஞ்சு, எத்தனை நூலு?" என்றார் டாக்டர்.

"நூலுன்னா என்ன சார்?"

இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதுகூடத் தெரியாத ஒருவர் டேப்பைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறார்!

"மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளக்கணும் தம்பி. எந்தச் சுவரு நேரா இருக்கு? உள்பக்கமா மாட்டினா மூணுல சின்ன அளவை எடுத்துக்கணும். வெளிப்பக்கமா மாட்டினா ரெண்டு ஓரத்துலயும் மூணு இஞ்சு கூட விடணும். இல்லைன்னா சந்து வழியா சாரல் உள்ள வரும்."

ஆஸ்டின் பவ்யமாக எழுதிக்கொண்டார். "எந்த ஷீட் சார் போடலாம்?" என்று அவரே கேட்டார். விற்க வந்தவர் கேட்கிற கேள்வியா இது?

டாக்டரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. டேப்பைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். சரசரவென்று மூன்று இடத்தில் அளந்தார்.

"எட்டடி ரெண்டு இஞ்சு மூணு நூலு. எழுதுங்க. கண்ணாடி மாதிரி தெரியற ஷீட் வேண்டாம், நம்ம வெயிலுக்கு ரெண்டே வருஷத்துல மஞ்சளாயிடும். அடியில கனமான பைப் கோத்து, ரெண்டு ஓரத்தையும் தரையில கொக்கி போட்டு மாட்டணும். இல்லைன்னா ஆடிக் காத்துல அடிச்சுக் கிழிஞ்சிடும்."

"டாக்டருக்குத் தெரியாத விஷயமே இல்ல," என்று வேணி பூரித்துப் போனாள்.

ஆஸ்டின் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "கிளினிக்குல வேற டாக்டர் யாராச்சும் இருக்காங்களா சார்? எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?"

அவ்வளவுதான். டாக்டர் கண்ணைக் காட்டினார். வேணி ஓடிப்போய் கேட்டைப் பூட்டினாள். டாக்டர் ஸ்டூலை விட்டு இறங்காமலே போலீசுக்கு போன் போட்டார். ஆஸ்டின் ஓடவில்லை. சாவகாசமாக பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். திருடனுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று டாக்டருக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

தெருமுனையிலேயே காத்திருந்தது போல மூன்றே நிமிடத்தில் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் நஜ்முன்னிசா இறங்கி வந்தார்.

"இவரு பிளைண்ட்ஸ் ஆளே இல்ல மேடம், போலி," என்றார் டாக்டர். குரலில் அத்தனை பெருமை. "தொழில் தெரிஞ்சவன் யாரு, தெரியாதவன் யாருன்னு ரெண்டு கேள்வி கேட்டாப் போதும், சொல்லிடலாம்."

"அது ரொம்பச் சரிங்க," என்றார் நஜ்முன்னிசா. "இவரு பிளைண்ட்ஸ் ஆள் இல்லதான். சுகாதாரத் துறை அதிகாரி. எங்களுக்கு வந்த ஒரு புகாரைச் சேர்ந்து விசாரிக்கிறோம்." ஆஸ்டின் பக்கம் திரும்பி, "என்ன சார், முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது மேடம்."

ஆஸ்டின் நோட்டை மூடி எழுந்தார். இன்னும் ஸ்டூலிலேயே நின்றிருந்த டாக்டர் இறங்குவதற்குக் கையும் கொடுத்தார்.

"போன வாரம் மாஸ்க் போட்டுக்கிட்டு நெஞ்சு வலின்னு வந்து நாலு கேள்வி கேட்டேன், ஒண்ணுக்கும் உங்களுக்குப் பதில் தெரியல, கோயம்புத்தூர்ல பத்து வருஷம் பிளைண்ட்ஸ் மாட்டிக்கிட்டிருந்த பெரியண்ணன் நீங்கதானான்னு இன்னிக்குப் பாக்க வந்தா, நூல் பிசகாம எல்லாத்தையும் சொல்லிட்டீங்க."