ஷட்டவுன் நாள்

கருத்தக்கண்ணனுக்கு வலது தோள் விண்ணுவிண்ணென்று தெறித்தது. நேற்று ஜல்லி சுமந்த வலி, தைலம் தேய்த்தும் அடங்கவில்லை. கட்டிக்கொண்டிருந்த வீட்டின் இரண்டாவது மாடி விளிம்பில் நின்று கீழே குனிந்து பார்த்தான்.

தெருவில் அவன் மனைவி பாண்டீஸ்வரி மேஸ்திரியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். "தோளு சரியில்லாத மனுசன மேல நிப்பாட்டிருக்கீங்களேண்ணே. கம்பியோட சேந்து விழுந்து வச்சா எம் புள்ளைகளுக்கு யாரு இருக்கா?"

"ஒம் புருசன் என்ன பஞ்சுமிட்டாயா, காத்துல பறக்க?" மேஸ்திரி சிவபாண்டி சிரித்தார்.

மாடிக்கு எதிரே, கை நீட்டினால் எட்டிவிடும் போல மூன்று மின்கம்பிகள் போயின. அதற்குப் பயந்துதான் காங்கிரீட்டுக்கான நீள இரும்புக் கம்பிகளை ஒரு வாரமாகத் தெருவிலேயே போட்டு வைத்திருந்தார்கள். திருநகரில் மாதாமாதம் ஷட்டவுன் விடுகிற நாளில்தான் அவற்றை மேலே ஏற்றுவது. காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் கரண்டு வரும்.

இன்று அந்த நாள்தான், ஆனால் சில மாதம் தள்ளிப்போவதும் உண்டு. அதனால் சிவபாண்டி எதிர் டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நல்லகாமா, கரண்டு இருக்கா?"

அட்டையால் விசிறிக்கொண்டிருந்த நல்லகாமன், "விடியக்காலைல கடை தொறக்கையிலருந்தே இல்லண்ணே" என்றான்.

"கேட்டுக்கிட்டியாம்மா? இன்னிக்கி அந்த ஒயருல துணியே காயப்போடலாம். மாப்ள, இழுடா!"

பாண்டீஸ்வரி ஒரு கம்பியை நிமிர்த்திப் பிடித்தாள். மேலே அவன் கையில் சிக்கியதும், "விட்டுட்டேன், பாத்து!" என்றாள்.

கம்பி தரையை விட்டு எழும்பி ஆடியது. தோள் வலியில் அவன் பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கம்பி நடு ஒயரைத் தொட்டது.

வெடி போட்ட மாதிரி சத்தம். நீலமாக ஒரு வெளிச்சம். கம்பி தெருவில் விழுந்து துள்ளியது. மாடி விளிம்பில் கருத்தக்கண்ணனைக் காணவில்லை.

பாண்டீஸ்வரி படியேறி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து அவள் அலறல் மட்டும் வந்தது. அவன் குரல் வரவில்லை.

சிவபாண்டி ஒரே ஓட்டமாகத் தெருவைத் தாண்டி நல்லகாமனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "கரண்டு இல்லேன்னியேடா!"

நல்லகாமன் கடைச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைக் காட்டினான்.

"எங்கடையிலதாண்ணே இல்ல... நேத்து பீஸப் புடுங்கிட்டாங்க, கரண்டு பில்லு பாக்கி."