கோமதிக்கு நான்கு வெற்றுத்தாள்

தையல் வகுப்பில்தான் டீச்சரம்மா பிடித்தாள்.

தையல்நாயகியின் மடியில், தைக்கக் கொடுத்த துணிக்கு அடியில், ஒரு நாவல்.

மாதப் பத்திரிகையிலிருந்து அத்தியாயம் அத்தியாயமாகக் கிழித்துச் சேர்த்துத் தைத்திருந்தது. போன வாரம் அவள் சொல்லிக்கொடுத்த அதே கெட்டித்தையல். ஒரு இழை பிசகவில்லை.

கோபப்பட வேண்டும். மார்க்கும் போட வேண்டும் போலிருந்தது.

'நாவல் படிக்கும் பெண் பெஞ்சு மேல் நிற்க வேண்டும்.' சுவரில் தொங்கும் விதி. தலைமையாசிரியை என்ற முறையில் அவளே எழுதி மாட்டியது.

நாவலின் முகப்பில், 'எழுதியவர்: ஒரு மாது.'

அதுவும் அவளேதான். ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

தையல்நாயகி சொல்லாமலே பெஞ்சில் ஏறினாள்.

"நிக்கிறேன் டீச்சரம்மா. கோமதி என்ன ஆவான்னு மட்டும் சொல்லுங்க. மறு கல்யாணம் பண்ணிக்குவாளா, படிக்கப் போவாளா?"

"எனக்கெப்படிடி தெரியும்?"

தெரியும். கோமதி கிணற்றில் விழுந்துவிட்டாள்.

பதினாறு வயது விதவையை வைத்துக்கொண்டு மேற்கொண்டு என்ன செய்வதென்று விளங்காமல், நேற்று அவள்தான் தள்ளிவிட்டாள். ஒன்றரைப் பக்கத்தில் காரியம் முடிந்தது. எழுதிவிட்டுத் தானே அழுதாள். நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு காப்பியும் குடித்தாள்.

இறுதி அத்தியாயம் ஒட்டிய உறைக்குள் மேஜைமேல் கிடக்கிறது.

பிடுங்கிய நாவலைப் புரட்டினாள். கடைசியில் நான்கு வெற்றுத்தாள்கள். அவற்றையும் சேர்த்தே தைத்திருந்தது.

"இது எதுக்கு?"

"மிச்சக் கதை வந்தா ஒட்டிக்க. நாலு தாள் எப்படிப் பத்தும்னு இவளுங்க ஒரே சண்டை. கோமதிக்கு இப்பத்தானே பதினாறு!"

வாசலில் பள்ளிக்கூடத்து ஆயா வந்து நின்றாள்.

"தபாலாபீசுக்குப் போறேம்மா. அந்த உறையக் குடுங்க."

எடுத்தாள்.

வைத்தாள்.

மறுபடி எடுத்தாள்.

ஒருத்தியைத் தள்ளிவிடத் தெரிந்த கைக்கு, தூக்கிவிடத் தெரியவில்லை. இத்தனைக்கும் பதினெட்டு வருஷ வாத்தியார் உத்தியோகம்.

"இன்னிக்குத் தபால் இல்ல, ஆயா."



பெஞ்சு மேல் நின்றவளை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏண்டி, கிணத்துல நீச்சல் கத்துக்க எத்தனை நாளாகும்?"